25,111 டாலர் யாருடைய சம்பளம்?

டேரல் ஹஃப் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1954-இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். புள்ளிவிவரத்தை வைத்துப் பொய் சொல்வது எப்படி என்று தலைப்பு. உள்ளே இருப்பது அப்படிச் சொல்லப்படும் பொய்களைக் கண்டுபிடிக்கும் வழி. புள்ளியியல் படிக்காதவர்களுக்காக எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் ஒரு பட்டதாரிச் சம்பளக் கணக்கோடு தொடங்குகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 1924-இல் படித்து முடித்தவர்களின் சராசரி ஆண்டு வருமானம் 25,111 டாலர் என்று டைம் பத்திரிகையில் வந்த செய்தி அது.

இது எவ்வளவு பெரிய தொகை என்று புரிய ஓர் ஒப்பீடு. 1950-இல் அமெரிக்கக் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால், நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 3,300 டாலர். யேல்காரர் ஒருவர் ஏழெட்டு குடும்பத்துக்கான வருமானத்தைத் தனியாக வாங்குகிறார்! செய்தியைப் படிக்கிற அப்பா என்ன நினைப்பார்? எப்பாடு பட்டாவது பையனை யேலில் சேர்த்துவிட வேண்டும் என்றுதான்.

ஹஃப் கேட்ட கேள்விகள் எளிமையானவை. படித்து முடித்து இத்தனை வருடம் ஆன பிறகு யாருடைய விலாசம் கல்லூரியிடம் இருக்கும்? வங்கித் தலைவரின் விலாசம் இருக்கும். எங்கேயோ குமாஸ்தாவாக இருக்கிறவரின் விலாசம் தொலைந்திருக்கும். கடிதம் கிடைத்தவர்களிலும் எத்தனை பேர் வருமானத்தை எழுதி அனுப்புவார்கள்? சொல்லிக்கொள்ளும்படி சம்பாதிக்கிறவர்கள்தான். அவர்களிலும் சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் வரிக்குப் பயந்து குறைத்துச் சொல்வார்கள். இவ்வளவு ஓட்டையும் வைத்துக்கொண்டு கடைசி ஒரு டாலர் வரை துல்லியமாக 25,111 என்று எப்படிச் சொன்னார்கள்?

பட்டதாரிச் சம்பள அறிக்கைகளின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். ஹஃப் எழுதி எழுபது வருடம் ஆகிறது. தரவு எவ்வளவோ முன்னேறிவிட்டது, ஆனால் அவருடைய முதல் கேள்வி அப்படியே நிற்கிறது: இந்தக் கணக்கில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை? அதைச் சொல்லாத அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சாதாரண வாசகருக்குப் பயன்படாது என்பதுதான் என் கட்சி. அமெரிக்காவில் இது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

ஒட்டகத்தின் இரண்டு திமில்கள்

அமெரிக்காவில் சட்டம் படிக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பட்டம் வாங்க வேண்டும். அதன்பின் மூன்று வருடம் சட்டக் கல்லூரி, பெரும்பாலும் கடனில். 2000-களில் இந்தக் கல்லூரிகளின் விளம்பரங்களில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்பது மாதத்தில் இத்தனை சதவீதம் பேருக்கு வேலை. இத்தனை ஆயிரம் டாலர் சம்பளம்.

சட்டப் பட்டதாரிகளின் வேலை விவரங்களைத் திரட்டும் நால்ப் என்ற சங்கம், 2006-இல் முடித்தவர்களின் சம்பளத்தை வரைபடமாகப் போட்டபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. மணி மாதிரி நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் கோடு வரவில்லை. இரண்டு திமில் உள்ள ஒட்டகம் மாதிரி வந்தது. காரணம் எளிது. நியூயார்க் போன்ற நகரங்களின் பெரிய நிறுவனங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று ஒரே தொடக்கச் சம்பளம் தருகின்றன. அது ஒரு திமில். சின்ன அலுவலகங்களும் அரசு வேலைகளும் சேர்ந்து இன்னொரு திமில். நடுவில் பள்ளம்.

2008-இல் முடித்தவர்களின் கணக்கைப் பாருங்கள். சராசரி 92,000 டாலர். மீடியன், அதாவது எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவரின் சம்பளம், 72,000 டாலர். இரண்டும் சரியான கணக்குதான், ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அந்த இரண்டு தொகைக்குப் பக்கத்தில் சம்பளம் வாங்கியவர்கள் மிகக் குறைவு.

இதையே இப்படி எழுதிப் பார்ப்போம்: "சம்பளத்தைச் சொன்ன 100 பேரில் 42 பேர் 40,000 முதல் 65,000 வரை வாங்கினார்கள். 23 பேர் சரியாக 160,000 வாங்கினார்கள். மீதி 35 பேர் மற்ற இடங்களில் சிதறிக் கிடந்தார்கள்." அதே தரவுதான், புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போகிறவருக்கு இப்போதுதான் ஏதோ புரிகிறது. 92,000 என்று படித்தவர், 'சுமாராகப் படித்தாலும் எண்பதாவது வரும்' என்று கணக்குப் போடுவார். நூறு பேர் கணக்கைப் படித்தவர், 'நான் அந்த 23-இல் வருவேனா, 42-இல் வருவேனா?' என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இதிலும் ஹஃப்பின் பழைய பூதம் உண்டு. "சம்பளத்தைச் சொன்ன" என்று எழுதியதைக் கவனியுங்கள். பெரிய நிறுவனங்களின் சம்பளம் ஊருக்கே தெரியும், சின்ன அலுவலகச் சம்பளம் பல நேரம் பதிவாகவே ஆகாது. அதனால் சராசரி மேலே தூக்கிக்கொண்டுவிடும். இதைச் சரிக்கட்ட நால்ப்பே பின்னாளில் சராசரியைக் குறைத்துத் திருத்தியும் வெளியிட ஆரம்பித்தது.

"வேலை கிடைத்தது" என்ற எண்ணிலும் வேலை இருந்தது. ஓட்டலில் பரிமாறினாலும் வேலைதான். கல்லூரியே சில மாதம் பணம் கொடுத்து வைத்துக்கொண்டாலும் வேலைதான். 2008 நெருக்கடியில் சட்ட நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தபோது விஷயம் வெடித்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று பழைய மாணவர்கள் பல கல்லூரிகள் மீது வழக்குப் போட்டார்கள். பெரும்பாலானவை தோற்றன. 2012-இல் நியூயார்க் வழக்கு ஒன்றில் நீதிபதி சொன்னதன் சாரம் இது: சட்டம் படிக்க வருகிறவர்கள் ஏற்கெனவே பட்டதாரிகள், எண்களை எடைபோட அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதாவது, புரிந்துகொள்ளும் பொறுப்பு வாசகர் தலையில்! ஆனால் அதே காலகட்டத்தில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் விதியை மாற்றியது. முழுநேரமா பகுதிநேரமா, நீண்டகாலமா குறுகியகாலமா, வழக்கறிஞர் தகுதி தேவைப்படும் வேலையா, கல்லூரியே பணம் தரும் வேலையா என்று பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. வழக்கில் தோற்ற மாணவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

வருமான வரிக் கணக்கு வந்த பிறகு

கடிதம் போட்டுக் கேட்டால்தானே பிரச்சினை? எல்லாருடைய வருமானமும் அரசாங்கத்திடம் இருக்கிறதே, அதையே எடுத்துவிட்டால் என்ன? இந்த யோசனை அமெரிக்காவில் ரொம்ப நாளாக உண்டு. ஆனால் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பின்தொடரும் மத்தியத் தரவுத்தளம் அந்தரங்கத்துக்கு ஆபத்து என்று எதிர்ப்பு வந்தது. தனியார் கல்லூரிகளின் அமைப்புகள் அதில் முன்னணியில் நின்றன. 2008-இல் நாடாளுமன்றம் அப்படியொரு தரவுத்தளத்தைச் சட்டம் போட்டே தடுத்தது.

2013-இல் அதிபர் ஒபாமா கல்லூரிகளுக்குத் தரவரிசை கொண்டுவரப் போவதாக அறிவித்தார். கல்லூரிகள் கொதித்தன. 2015-இல் தரவரிசை கைவிடப்பட்டு, செப்டம்பரில் காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற தளம் புது வடிவில் வந்தது. அதில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு சம்பள எண் இருந்தது. தடையைத் தாண்டிய வழி இதுதான்: மத்திய அரசின் கல்விக் கடனோ உதவித்தொகையோ வாங்கியவர்களின் விவரம் கல்வித்துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வருமான வரிப் பதிவுகளோடு பொருத்தினார்கள்.

விலாசம் தொலைகிற பிரச்சினை போயிற்று. கூட்டிச் சொல்கிற பிரச்சினையும் போயிற்று. ஆனால் கணக்கில் இருப்பது யார்? அரசு உதவி வாங்கியவர்கள் மட்டும். சொந்தக் காசில் படித்த பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இல்லை. ஒரு வருமானமும் இல்லாதவர்கள் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. எப்போது எடுத்த கணக்கு? கல்லூரியில் *சேர்ந்து* பத்து வருடம் கழித்து. டாக்டருக்குப் படிக்கப் போனவர் அப்போது பயிற்சி மருத்துவராகக் குறைந்த ஊதியத்தில் இருக்கலாம். அவரை நிறைய அனுப்பிய கல்லூரி சம்பளத்தில் பின்தங்கித் தெரியும். வாடகை மலிவான மிசிசிப்பியும் வாடகை விழுங்கும் சான்ஃபிரான்சிஸ்கோவும் ஒரே தராசில்.

தளத்தை உருவாக்கியவர்களுக்கு இதெல்லாம் தெரியும். பொது வாசகருக்காக அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. மீடியனுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் வைத்தார்கள்: இந்தக் கல்லூரிக்குப் போனவர்களில் எத்தனை சதவீதம் பேர், பள்ளிப் படிப்போடு நின்றவரைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள்? அதற்கு வைத்த கோடு ஆண்டுக்கு 25,000 டாலர். ஒரு குடும்பம் மனசுக்குள் கேட்கிற கேள்விக்கு இது நேரடியான பதில். 'காலேஜுக்குப் போகாம இருந்தா என்ன ஆகியிருக்கும்?' என்பதுதானே அது.

2019-இல் இன்னொரு படி. கல்லூரி என்று மொத்தமாக இல்லாமல் பாடப்பிரிவு வாரியாக, படிப்பை முடித்தவர்களுக்கு மட்டும், முதல் வருடச் சம்பளம் வந்தது. ஒரே வளாகத்தில் கம்ப்யூட்டர் படித்தவரும் நாடகம் படித்தவரும் ஒரே எண்ணுக்குள் அடைபட்டிருந்தது அதோடு முடிந்தது.

கல்லூரி கொடுத்ததா, மாணவர் கொண்டுவந்ததா?

சரி, எண் சுத்தமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சம்பளம் கல்லூரியால் வந்ததா? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். எந்தெந்தக் கல்லூரி ஏற்றது, எது நிராகரித்தது என்பதில் ஒத்திருந்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். அவர்களில் கடும் போட்டியுள்ள கல்லூரிக்குப் போனவர்களும், இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்களும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதித்தார்கள். ஏழைக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குப் பெரிய கல்லூரி உண்மையாகவே உதவியது.

ஆக, ஒரே எண் இரண்டு வீட்டில் இரண்டு அர்த்தம் தரும். இதை அறிக்கையிலேயே காட்ட முடியுமா? 2017-இல் ராஜ் செட்டி குழு முயன்றது. வரிப் பதிவுகளை வைத்து, பெற்றோர் எந்த வருமானத் தட்டில் இருந்தார்கள், பிள்ளை எந்தத் தட்டுக்குப் போனார் என்று கல்லூரி வாரியாகக் கணக்கிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த எண் 9.9 சதவீதம். நூறு மாணவர்களில் சுமார் பத்து பேர் நாட்டின் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களிலிருந்து வந்து மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்குக்குப் போனார்கள். பெரும் பெயர் பெற்ற பல கல்லூரிகளைவிட இது அதிகம். சம்பள வரிசையில் மட்டும் பார்த்தால் இந்தக் கல்லூரி கண்ணிலேயே படாது.

நம்ம ஊர் வாசகருக்கு ஏன் இது?

ஸ்கோர்கார்டை இன்று தமிழ்நாட்டிலிருந்தும் பார்க்கிறார்கள். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறவர்கள் கல்லூரிகளை ஒப்பிட அது கையில் கிடைக்கிற எளிய கருவி. வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கும் முடிவு சில நேரம் அந்த எண்ணைப் பார்த்தும் எடுக்கப்படுகிறது.

அந்த எண்ணில் இருப்பது மத்திய அரசின் கல்வி உதவி வாங்கியவர்கள் என்று மேலே சொன்னேன். மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அந்த உதவி கிடையாது. எனவே அவர்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை. வெளிநாட்டு மாணவர்களே அதிகம் படிக்கிற எம்.எஸ். வகுப்பாக இருந்தாலும், அங்கே தெரிகிற சம்பளம் கூடவே படித்த அமெரிக்க மாணவர்களுடையது. விசாவுக்காகக் காத்திருக்காமல், எந்த நிறுவனத்திலும் வேலைக்குச் சேர முடிந்தவர்களுடையது.

யேல் கணக்கில் விலாசம் தொலைந்தவர்கள் இல்லை. இதில் நம்ம பிள்ளைங்க இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.

எண்ணைத் தூக்கிப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. இளநிலைப் படிப்புகளுக்கு அதன் தரவுக் கோப்பைத் திறந்தால் மீடியனோடு கீழ்க் கால்பங்குச் சம்பளமும் இருக்கிறது. கடன் தவணையை மீடியனோடு ஒப்பிடாமல் கீழ்க் கால்பங்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது, நூற்றில் இருபத்தைந்து பேர் அதற்கும் கீழேதான் வாங்குகிறார்கள். விசாவில் போகிறவர்கள், தங்களைப் போலவே போனவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்தத் துறையிடமே எழுதிக் கேட்கலாம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், அதில் வேலை எத்தனை பேருக்கு என்று மூன்று எண்ணையும் கேளுங்கள். ஒரே ஒரு சம்பள எண்ணை மட்டும் பதிலாக அனுப்பினால், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு கடன் வாங்காதீர்கள்.