இ.எஸ்.ஐ. கார்டும் நாலு தையல் மெஷினும்



போன தீபத்துக்கு ஊருக்கு வந்திருந்த பழைய மாணவன் ஒருவன் தேரடித் தெருவில் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். செய்யாறு சிப்காட்டில் ஒரு காலணிக் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். "உன் கைத்திறமைக்கு இங்கேயே நாலு மெஷின் போட்டுப் பை தைக்கலாமே" என்றேன். "பத்து வருஷமா அந்த ஆசைதான் சார். அம்மாவுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ். எல்லாம் இ.எஸ்.ஐ.யில ஓடுது. வேலையை விட்டா கார்டு போயிடுமே" என்றான்.

வரலாற்று வாத்தியாருக்கு அதோடு தூக்கம் போயிற்று. (பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம். வகுப்பில்தான் எழுந்து போக முடியாது.)

வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1943இல், தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றி ஆராயப் பேராசிரியர் அதார்க்கரை நியமித்தார்கள். அடுத்த ஆண்டு அறிக்கை கொடுத்தார். 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். 1955இல் நம் கோவை மில் தொழிலாளர்களுக்கும் வந்தது. காய்ச்சல் வந்தால் கூலி போகும், கூலி போனால் அடுப்பு எரியாது என்றிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் கார்டு ஆளுக்கு இல்லை, அவன் பார்க்கும் வேலைக்குத்தான். விட்ட மறுநாளே செத்துவிடாது என்பது உண்மை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அதற்குப் பிறகு? வாரம் இரண்டு டயாலிசிஸ் ஜூனோடு நிற்குமா?

அமெரிக்காவில் இருக்கும் நம் உறவுகளுக்கு இது பழகிய கதை. 1942இல் போருக்காக அங்கே சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தினார்கள். ஆள் பிடிக்க முதலாளிகள் மருத்துவக் காப்பீட்டைக் காட்டினார்கள். அது அப்படியே வேலையோடு ஒட்டிக்கொண்டது. காப்பீட்டுக்குப் பயந்து வேலையை விடாமல் இருப்பதற்கு 'ஜாப் லாக்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே நோய் இருப்பவருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது என்ற விதி அங்கே முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2014இல்தான்.

இந்த முடிச்சைத் தமிழ்நாட்டில் கொஞ்சம் அவிழ்த்தது 2009 ஜூலையில் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. இதற்கு முதலாளி வேண்டாம். குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் போதும். ஒரு லட்சமாக இருந்த தொகை இன்று ஐந்து லட்சம்.

"அதுல சேர்ந்துட்டுக் கடையைப் போடேன்" என்றேன். சிரித்தான். "வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும் சார். அப்படின்னா மாசம் 10,000. கடை ஓடலைன்னா வட்டி கட்ட முடியாது. ஓடினா கார்டு கிடையாது."

அவன் கணக்கு சரி. இ.எஸ்.ஐ. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவரைக் காக்கிறது, அவர் இன்னொருவரிடம் வேலை பார்த்தால். அதே 15,000, 20,000த்தைச் சொந்தக் கடையில் சம்பாதித்தால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமும் இல்லை. அவனிடம் வேலைக்கு வரும் பெண்களுக்கும் இதே கதிதான். இந்த இடைவெளியில்தான் நம்மூர்ச் சின்னத் தொழில்கள் எல்லாம் நிற்கின்றன.

எனக்கு ஓய்வூதியத்தோடு காப்பீடும் இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் அவனுக்குக் கடை போடச் சொல்லி யோசனை சொன்னேன் என்று பிறகு உறைத்தது.

"நாளைக்கு டயாலிசிஸ் முறை சார், வரேன்" என்று வண்டியைக் கிளப்பிப் போனான்.