கேட்டுட்டுச் செய்யுறதும், செஞ்சுட்டுக் கேக்குறதும்

2019 ஜூலை மாசம் எனக்கு நல்லா நெனவிருக்கு. ஜூன் 12ல திறக்க வேண்டிய மேட்டூர் அணை திறக்கல. நாகூர்ப் பக்கம் நாங்க கடைமடை. வாய்க்கால் எல்லாம் காஞ்சு கெடந்துச்சு. குறுவை போச்சு, சம்பாவுக்காவது தண்ணி வருமான்னு டீக்கடையில பேப்பரைப் புரட்டினேன். கூடங்குளத்துல எரிஞ்சு முடிஞ்ச அணு எரிபொருளை வைக்க ஒரு கிடங்கு கட்டப் போறாங்க, அதுக்கு ஜூலை 10ல ராதாபுரத்துல கருத்துக்கேட்புக் கூட்டம்னு போட்டிருந்துச்சு.

"திருநெல்வேலி ஜில்லாவுல நடக்குறதுக்கு நமக்கென்ன மாமா?"ன்னு பக்கத்துல இருந்த பையன் கேட்டான். அவனுக்கு அன்னிக்கு நான் சரியா பதில் சொல்லல. இப்ப சொல்றேன்.

கதை 1988 நவம்பர் 20ல ஆரம்பிக்குது. அன்னிக்குத்தான் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. எரிஞ்ச எரிபொருளைச் சோவியத் நாடே திருப்பி எடுத்துக்கும்னுதான் அப்போ ஏற்பாடு. 1991ல சோவியத் நாடே இல்லாமப் போச்சு. 1998ல மறுபடி ஒப்பந்தம் போட்டப்ப, எரிபொருள் இந்தியாவுலேயே இருக்கட்டும்னு மாத்திட்டாங்க. எங்க வைக்கிறதுங்குற கேள்வி அப்பத்தான் நம்ம மண்ணுக்கு வந்துச்சு.

முதல் ரெண்டு உலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி 1989லயே கொடுத்தாச்சு. கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம்னு விதி வந்தது 1997ல. அதனால அந்த ரெண்டுக்கும் ஊர்ச்சனத்தை யாரும் கூப்பிட்டுக் கேக்கல.

2013 மே 6ல உச்ச நீதிமன்றம் உலையை ஓட்டலாம்னு தீர்ப்பு சொல்லி, கூடவே 15 கட்டளையும் போட்டுச்சு. உலைக்கு வெளியே தனிக் கிடங்கை அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டணும். நிரந்தரமா ஆழப் பாறைக்குள்ள வைக்கிற இடத்துக்கான வேலையையும் சீக்கிரம் பாக்கணும்ங்குறதும் அதுல உண்டு. அஞ்சு வருஷத்துல கிடங்கு வரல. 2018ல, 2022 ஏப்ரல் வரைக்கும் கால நீட்டிப்பு வாங்குனாங்க. அதுக்கப்புறம்தான் அந்த ராதாபுரம் கூட்டத்தை அறிவிச்சாங்க. ஊர்க்காரங்களும் கட்சிகளும் எதிர்த்ததால தள்ளிவச்சுட்டாங்க.

அரசாங்கம் சொல்றதையும் கேட்டுக்குவோம். எரிஞ்ச எரிபொருள் கழிவு இல்ல, அதுலேருந்து புளூட்டோனியத்தைப் பிரிச்சு எடுத்து மறுபடி பயன்படுத்தலாம், கடைசியா மிஞ்சுறதைத்தான் கண்ணாடியோட உருக்கிக் கலந்து பூமிக்கடியில வைக்கணும்ங்குறாங்க. சரிதான். ஆனா அந்த நிரந்தர இடம் எதுன்னு இந்தியாவுல இன்னும் முடிவாகல. அப்போ "கொஞ்ச காலத்துக்கு"ன்னு கட்டுற கிடங்கு காலத்துக்கும் அங்கேயே நின்னுடுமோன்னு அந்த ஊர்க்காரங்க பயப்படுறதுல என்ன தப்பு?

இன்னொரு இடத்தோட கதையும் இருக்கு. கோலார் தங்கவயல், நம்ம தமிழ்ச் சனங்க தலைமுறை தலைமுறையா இறங்கி வேலை பார்த்த சுரங்கம். 1980கள்ல அங்க கைவிட்ட ஒரு பகுதியில, கழிவோட சூட்டைப் பாறை தாங்குமான்னு விஞ்ஞானிங்க சோதனை பண்ணுனாங்க. 2001ல சுரங்கத்தை மூடிட்டாங்க. 2012 நவம்பர்ல கூடங்குளம் வழக்கு நடந்தப்ப, கழிவை வைக்கக் கோலாரைப் பார்க்குறோம்னு நீதிமன்றத்துல பேச்சு வந்துச்சு. தங்கவயல் கொதிச்சுப் போச்சு. உடனே அப்படித் திட்டமே இல்லன்னு மறுத்தாங்க. அந்த ஊர்க்காரங்க தன் ஊரைப் பத்திச் செய்தியிலதான் தெரிஞ்சுக்கிட்டாங்க.

வெளிநாட்டுலயும் இதே பாடம்தான். ஜெர்மனியில 1977ல கோர்லேபென்னு ஒரு ஊரை மேலேருந்து முடிவு பண்ணுனாங்க. நாப்பது வருஷத்துக்கு மேல போராட்டம். கடைசியில 2020ல அந்த இடம் ஒத்து வராதுன்னு பட்டியல்லேருந்தே எடுத்துட்டாங்க. பின்லாந்துல வேற மாதிரி. உள்ளூர் மன்றம் வேண்டாம்னா அந்த இடத்தைத் தொடக்கூடாதுன்னு 1987லயே சட்டம் போட்டாங்க. பல ஊர்ப் பாறையைச் சோதிச்சுப் பார்த்துட்டு, 2000 ஜனவரியில யூராயோக்கி ஊர் மன்றத்துல ஓட்டு விட்டாங்க: 20 பேர் சரின்னாங்க, 7 பேர் வேண்டாம்னாங்க. அங்க ஏற்கெனவே அணு உலை இருந்துச்சு, வரிப்பணமும் வந்துச்சுங்குறது உண்மைதான். ஆனாலும் "வேண்டாம்"னு சொல்ற உரிமை கையில இருந்ததாலதான் அவங்க சொன்ன "சரி"க்கு மதிப்பு.

கிடங்கே கூடாதுன்னு சொல்லிட்டும் நாம நகர்ந்துட முடியாது. உலை ஓடுற நாளெல்லாம் அது சேர்ந்துக்கிட்டேதான் இருக்கும். மெட்ராஸ்ல ஃபேன் சுத்துறதும் அந்தக் கரண்டாலதான். அதான் கேக்குறேன்: எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டுக் கூட்டம் போடாதீங்க. முடிவு பண்றதுக்கு முன்னாடி கேளுங்க.

இப்போ அந்தப் பையனுக்கு. ராதாபுரம் கூட்டம் தள்ளிப்போன ஆறே மாசத்துல, 2020 ஜனவரியில, எண்ணெய், எரிவாயு தேடக் கிணறு தோண்டுறதுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லன்னு மத்திய அரசு விதியை மாத்துச்சு. அது நம்ம டெல்டா சமாச்சாரம் தம்பி. அடுத்த மாசமே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழ்நாடு சட்டம் போட்டதால கொஞ்சம் மூச்சு விட்டோம். அந்த ஊர்க்காரனைக் கேக்காம விடலாம்னு ஒரு தடவை பழகிட்டா, அடுத்து நம்மளையும் கேக்க மாட்டாங்க.

கடைமடைக்காரனுக்கு இது புதுசில்ல. தண்ணி எங்களுக்குக் கடைசியாத்தான் வரும். மேலேருந்து கழிஞ்சு வர்றது மட்டும் தவறாம வந்து சேரும்.