அப்பமும் ஆப்பச் சோடாவும்

அப்பம் என்பது வடமொழி அபூபத்தின் சிதைவு என்று எழுதுவோர் இன்னும் ஓயவில்லை. அதோடு நில்லாமல், மாவைப் பொங்கவைத்துச் சுடும் வழக்கமே வெளியிலிருந்து வந்தது, ஆகவே பிரெட்டுக்குத் தமிழில் சொல் கிடையாது என்றும் முடித்துவிடுகிறார்கள். அயர்லாந்துக்காரர் வீட்டில் சுடும் சோடா பிரெட்டைப் பற்றித் தமிழில் எழுத வந்தால், 'சோடா ரொட்டி' என்பதைத் தாண்டி இவர்களுக்கு எதுவும் தோன்றுவதில்லை. காவிரிக் கரையில் இருந்துகொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

இருக்கு வேதத்தில் அபூபம் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு வடமொழிக்குள்ளேயே ஐயமற்ற வேர் இல்லை. அப்பமோ மலையாளத்தில் அப்பம், தெலுங்கில் அப்பமு, கன்னடத்தில் அப்ப. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் அதற்கு இடம் கொடுத்தார்கள். வேர் எது? 'அப்பு' என்பதே என் முடிபு. சந்தனத்தை அப்புகிறோம், சேற்றை அப்புகிறோம். மாவை ஊற்றிச் சட்டியைச் சுழற்றும்போது அது ஓரமெல்லாம் அப்பிக்கொள்கிறது. அப்பியது அப்பம். இதைவிட நேரான வழி வேண்டுவோர் காட்டட்டும்.

பண்டம் பழையது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. மதுரைக்காஞ்சி மெல்லடையைத் தேன்கூட்டுக்கு ஒப்பிடுகிறது. கண் கண்ணாகத் துளை விழாத பண்டத்தைப் பார்த்து யாருக்குத் தேன்கூடு நினைவு வரும்? துளை விழ வேண்டுமானால் மாவுக்குள் காற்று பிறந்திருக்க வேண்டும். அதே பாட்டில் இரவில் உறங்கும் கூவியர் வருகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையிலும் கூவியர் உண்டு. சிலம்பில் இந்திர விழவூர் எடுத்த காதையில், நம் காவிரி கடலில் கலக்கும் புகாரிலேயே, கடைத்தெருவில் அவர்கள் நிற்கிறார்கள். கூவியர் அப்ப வாணிகர் என்பது உரை. பெரியாழ்வார் அப்பம் என்ற சொல்லையே ஆள்கிறார். கல்லணையை அடுத்த கோவிலடியில் பெருமாளுக்கு அப்பக்குடத்தான் என்றே பெயர். அங்கே இன்றும் அப்பம்தான் அமுது.

நெய்யில் சுடும் இனிப்பு அப்பம் வேறு, சட்டியில் ஊற்றும் ஆப்பம் வேறு என்று குறுக்கிடுவார்கள். ஈழத்தில் சட்டியில் ஊற்றுவதையே அப்பம் என்கிறார்கள். இரண்டு பண்டத்தைப் பிரித்துச் சொல்ல இங்கே முதலெழுத்து நீண்டது, சொல் ஒன்றே.

சிலம்பில் கூவியரோடு ஒட்டி நிற்கும் காழியரையும் பார்த்துவிட வேண்டும். அடியார்க்கு நல்லார் அவர்களைப் பிட்டு வாணிகர் என்கிறார். அகநானூற்றுப் பாலைப் பாட்டொன்றிலோ காழியர் உவர்மண் நிலத்தோடு சேர்ந்து வருகிறார்கள். அங்கே அவர்கள் துணி வெளுப்போர். வெளுப்பவருக்கும் பிட்டு விற்பவருக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? இரண்டும் தொடர்பில்லாத வெவ்வேறு சொற்கள் என்று தள்ளுவது சோம்பல். உவரை அள்ளியவர், தெளியவைத்தவர், விற்றவர் காழியர். அந்த உவர் துணி வெளுக்கும் துறைக்கும் போயிற்று, அடுப்புக்கும் போயிற்று. இது என் துணிபு. அப்பளத்துக்குக் காரம் சேர்க்கும் எவரும் இதை மறுக்க மாட்டார். (இந்தக் காரம் மிளகாய்க் காரமன்று, உவர்க்காரம்.)

சோடா என்ற சொல்லும் அதே உவர்நிலத்துப் பிறப்புதான். மத்தியதரைக் கடலோரத்து உவர்ச் செடிகளைச் சுட்ட சாம்பலுக்கே முதலில் அந்தப் பெயர். முத்துப்பேட்டை, வேதாரண்யம் சதுப்புகளில் முளைக்கும் உமரி அந்தச் செடிகளுக்கு உறவு. 1791இல் பிரான்சில் லெபிளாங்க் சாதாரண உப்பிலிருந்தே சோடா எடுக்க வழி கண்டபின் செடியைச் சுடும் தேவை குறைந்தது. மாவு பொங்க உதவும் சமையல் சோடா மலிவாகி, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அயர்லாந்து அடுக்களைக்குள் போயிற்று. அங்கே விளையும் மென்கோதுமை ஈஸ்டுக்கு ஒத்துவராது, இழுவை போதாது. சோடா பொருந்தியது.

அதே தூள் தமிழகத்துக்கு வந்தபோது நம் பெண்கள் அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? இட்லிச் சோடா என்று வைக்கவில்லை, வடைச் சோடா என்றும் வைக்கவில்லை. ஆப்பச் சோடா என்றார்கள். ஆப்ப மாவு முன்பு கள் விட்டுப் புளித்தது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. கள் இருந்த இடத்தைச் சோடா பிடித்தது. செய்த வேலையை வைத்து வந்த பெயர் அது. எழும்பவைத்துச் சுட்டதற்கு அப்பம் என்பதே தமிழ்ச் சொல் என்று அடுக்களை எழுதிக் கொடுத்த சீட்டு அது.

இனி அயர்லாந்துப் பண்டம். தவிடு நீக்காத கோதுமை மாவு 450 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, ஆப்பச் சோடா தலைதட்டி ஒரு தேக்கரண்டி, நன்றாகப் புளித்த மோர் ஏறக்குறைய 400 மில்லி. கெட்டி மோராக இருக்க வேண்டும், நீர்மோர் உதவாது. மோரின் புளிப்பும் சோடாவின் காரமும் சேர்ந்த நொடியே காற்று பிறக்கத் தொடங்கிவிடும். ஆகையால் சப்பாத்தி மாவைப் போல் அடித்துப் பிசையக் கூடாது, ஊறவும் வைக்கக் கூடாது. கையால் கூட்டி, உருட்டி, மேலே கத்தியால் ஆழமாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி உடனே சூட்டில் வைக்க வேண்டும். ஓவனில் 200 டிகிரி, முக்கால் மணி நேரம். அடியைத் தட்டினால் வெற்றோசை வரவேண்டும். சோடா கூடினால் சவுக்கார வாடை அடிக்கும், அப்பத்தின் உள் மஞ்சள் பாரிக்கும். ஓவன் இல்லையே என்று விட வேண்டாம். அயர்லாந்துக் கிராமத்தாரும் கனத்த இரும்புச் சட்டியில் வைத்து, மூடிமேல் தணல் பரப்பித்தான் சுட்டார்கள். மேலும் கீழும் நெருப்பிட்டுச் சுடுவது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த வேலை.

புளிப்பு, காரம், மாவு, சூடு. ஆப்பத்திலிருந்து இது எந்த வகையில் வேறு? தானியம் ஒன்றுதான் வேறு.

பிரெட்டை அப்பம் என்று சொல்வது புதுமையும் அன்று. சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது 1715இல் நிறைவேறியது. அங்கே தொடங்கிய விவிலிய மரபு இன்றுவரை அப்பம் என்ற சொல்லிலேயே நிற்கிறது; புளிப்பில்லா அப்பப் பண்டிகை என்பதைக் கேட்டு எந்தத் தமிழ்க் கிறித்தவரும் திகைத்ததில்லை. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், யூலுடன் சேர்ந்து தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில், ஆங்கிலேயர் 'ஹாப்பர்' என்பது நம் அப்பமே என்று பதிந்திருக்கிறது. ஆங்கிலம் நம்மிடம் கடன் வாங்கிய சொல்லுக்குப் பதில் நாம் ஆங்கிலத்தில் கடன் கேட்கிறோம். ஈழத்தார் போர்த்துகீசியரிடம் 'பாண்' வாங்கினார்கள். அது அவர்கள் நாட்டு வரலாறு, அங்கே வேரூன்றிவிட்டது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சமையல் குறிப்பு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். 'பிரவுன் சோடா பிரெட்' வேண்டாம், 'சோடா ரொட்டி'யும் வேண்டாம். கோதுமைச் சோடா அப்பம் என்று எழுதுங்கள்.