சாரத்தின் கால்

சமமில்லாத தரையில் ஏணி வைக்கும்போது தாழ்ந்த காலுக்கு அடியில் செங்கல்லைச் செருகுவது எங்கும் உள்ள பழக்கம். அதன் ஆபத்தைக் கணக்கே சொல்லும். 40 செ.மீ. இடைவெளியுள்ள இரு கால்களில் ஒன்று 3 செ.மீ. தாழ்ந்தால், 6 மீட்டர் ஏணியின் உச்சி ஏறத்தாழ 45 செ.மீ. பக்கவாட்டில் விலகிவிடும். இதற்காகவே நீட்டிக் குறுக்கும் கால்கள் கடைக்கு வந்தன. அவற்றை மேல்நாட்டுப் புதுமை என்று எண்ணுகிறோம். ஆனால் தரைக்கேற்பக் காலின் நீளத்தை மாற்றும் வித்தை நம் சாரக்காரர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரம் 192 அடி உயரம். அடிப்பகுதி கல், மேலே செங்கல்லும் சுதையும். வெயிலும் மழையும் சுதையைத் தின்பதால் திருப்பணிதோறும் சாரம் எழுப்பியாக வேண்டும். இத்தகைய கோபுரத்தில் நெட்டுக்கம்பு ஒன்று மண்ணில் நிற்கும், அடுத்தது கல்தளத்தில், இன்னொன்று அடித்தளத்தின் பிதுங்கிய விளிம்பில். எந்தக் கம்பையும் தரைக்கேற்ப அறுப்பதில்லை. குறுக்குக்கம்பை மட்டமாகப் பிடித்து, அது நெட்டுக்கம்பைத் தொடும் இடத்தில் கயிற்றை இறுக்குகிறார்கள். பள்ளத்தில் நின்ற கம்பில் முடிச்சு அடியிலிருந்து உயரத்தில் விழும், மேட்டில் நின்றதில் தாழ்வாக விழும். காலின் நீளத்தைத் தீர்மானிப்பது முடிச்சின் இடம்தான். இந்தக் கம்புகளுக்கு உதவும் சவுக்கு மரம் நம் கடற்கரையில் தோப்புத் தோப்பாகப் பயிரானதே 19ஆம் நூற்றாண்டில். மூங்கிலிலும் இதே முறையில் சாரம் கட்டலாம். ஆகவே நுட்பம் மரத்தில் இல்லை, கட்டில் இருக்கிறது.

கயிறு தளரும், கட்டியவரின் கையை நம்பியே உயிர் நிற்கிறது என்ற மறுப்பு நியாயமானது. லண்டனில் டேனியல் பால்மர் ஜோன்ஸ் கயிற்றுக்கு மாற்றாக உலோகப் பிடிப்பான்களைக் கொண்டுவந்ததும் அதனால்தான். இரும்புக் குழாய்ச் சாரம் பின்னர் வந்தது. அந்த மாற்றம் இங்கும் வேண்டியதே. எனினும் குழாயின் எந்த இடத்திலும் நின்று இறுகும் அந்தப் பிடிப்பான் முடிச்சின் வேலையைத்தான் செய்கிறது.

சாரம் வேறு, ஏணி வேறு என்பது இன்னும் வலுவான மறுப்பு. ராஜபாளையத்தைப் பார்த்தால் அதன் உண்மை புரியும். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் போன்ற ஆலைகளின் சமதளத்தில் இருகால் ஏணி போதும். சப்பட்டை, பஞ்சவர்ணம் ஆகிய மாங்காய் வகைகள் காய்க்கும் மலையடித் தோப்புகளில் மரமேறியும் தொரட்டியாலும் ஏணியையே தவிர்க்கலாம். இரண்டிலும் சேராதவர்கள் சரிவான சந்தில் வெள்ளையடிப்பவரும் மின்கம்பி பழுதுபார்ப்பவரும். ஒரு மணி நேர வேலைக்கு யாரும் சாரம் கட்டமாட்டார்கள், செங்கல்தான் கைகொடுக்கிறது. நீளும் கால் தேவைப்படுவது இவர்களுக்கே. அதை ஒப்பந்தக்காரர்தான் வாங்கித் தர வேண்டும். கூலிக்காரரின் தலையில் அந்தச் செலவைக் கட்டக் கூடாது.