கலவையா, கலப்படமா? - இரும்புக் கசடு சிமெண்டான வரலாறு

'கல' என்னும் ஒரே வேரிலிருந்து 'கலவை', 'கலப்படம்' என்னும் இரு சொற்கள் தமிழில் பிறந்துள்ளன. முன்னது கொத்தனார் கையில் சுவராகிறது. பின்னது நேர்மையற்ற வணிகன் கையில் வஞ்சகமாகிறது. இரண்டிலும் நடைபெறும் செயல் ஒன்றே. ஒரு பொருளோடு மற்றொரு பொருள் சேர்க்கப்படுகிறது. அவ்வாறாயின் இவ்விரண்டையும் பிரிக்கும் எல்லைக்கோடு யாது? இவ்வினாவை முன்னிட்டு ஜெர்மனி நாட்டில் முப்பதாண்டுக்கும் மேலாக ஒரு பெரும் வாதம் நடந்தது. வாதத்துக்கு இலக்கானது இரும்பாலைகள் வெளியே கொட்டிய கசடு. தொழிற்சாலைக் கழிவுகள் கட்டுமானப் பொருளாக மாறிய வரலாற்றில் இவ்வாதத்தைப் போலப் படிப்பினை தருவது வேறொன்று இல்லை எனலாம்.

பழங்காலத்தார் வழி

கழிவைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தும் எண்ணம் புதியதன்று. ரோம் நாட்டுக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ், ஆற்று மணலையோ கடல் மணலையோ கொண்டு சுண்ணக் காரை குழைக்கும்போது, உடைந்த மட்பாண்ட ஓடுகளை இடித்துச் சலித்து மூன்றில் ஒரு பங்கு சேர்த்தால் காரை சிறக்கும் என எழுதி வைத்தார். நம்மவரும் செங்கல்லைப் பொடியாக்கிச் 'சுர்க்கி' எனும் பெயரால் சுண்ணாம்போடு சேர்த்தனர். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் எழுந்ததே. சுட்ட மண்ணில் உள்ள சிலிக்கா, சுண்ணாம்போடும் நீரோடும் கூடி இறுகும் தன்மை உடையது. பழங்காலத்தார் இதன் காரணத்தை அறியாவிடினும் பயனை நன்கு அறிந்திருந்தனர்.

மலையாய்க் குவிந்த கசடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஊதுலைகள் பெருகின. இரும்புக் கனிமத்தோடு கரியும் சுண்ணாம்புக் கல்லும் இட்டு உருக்கும்போது, கனிமத்தில் உள்ள மண்ணும் மாசும் சுண்ணாம்போடு சேர்ந்து உருகி, இரும்பின் மேல் மிதக்கும். இதுவே கசடு. வெளியே ஓடவிட்ட கசடு ஆறிப் பாறையாயிற்று. அக்காலத்தில் ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ ஒரு டன் கசடு கழிந்தது உண்டு. ஆலைகளைச் சுற்றிக் கசட்டு மேடுகள் எழுந்தன. அவற்றைக் கொட்ட நிலம் வாங்குவதே ஆலை முதலாளிகளுக்குச் செலவாயிற்று. உடைத்துச் சாலைக்கு இடுவதும், அச்சில் வார்த்துப் பாவுகல் ஆக்குவதும் முதலில் தோன்றிய வழிகள்.

திடீர்க் குளிர்ச்சியின் விந்தை

1862இல் ஜெர்மனியின் துரோய்ஸ்டோர்ப் நகரில் இரும்பாலையை நடத்திய எமில் லாங்கன் என்பார் ஓர் உண்மையைக் கண்டார். உருகிய கசட்டை மெல்ல ஆறவிடாமல் நீரில் பாய்ச்சித் திடீரெனக் குளிர்வித்தால் அது மணல் போன்ற சிறு மணிகளாகச் சிதறுகிறது. அம்மணிகளை அரைத்துச் சுண்ணாம்போடு குழைத்தால் கல்லாய் இறுகுகிறது.

இதன் காரணம் யாதெனின், மெல்ல ஆறும் கசட்டில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகங்கள் உருவாகிவிடுகின்றன. அது பெரும்பாலும் வினையற்ற கல். திடீரெனக் குளிர்ந்ததோ, ஒழுங்கு பெற நேரமின்றிக் கண்ணாடி நிலையில் உறைந்து நிற்கிறது. அதனுள் வினைத்திறன் உறங்கிக் கிடக்கிறது. சுண்ணாம்பு அதனைத் தட்டி எழுப்புகிறது. ஒரே உலையில் பிறந்த ஒரே கசடு, ஆறும் விதத்தால் ஒன்று கல்லாகவும் மற்றொன்று சிமெண்டாகவும் ஆகிறது. கண்ணால் காண்போர்க்கும் அரைத்த மாவைத் தொடுவோர்க்கும் இவ்வேறுபாடு எளிதில் புலப்படாது. பின்னர் எழுந்த வாதத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

முப்பதாண்டு வாதம்

1824இல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற 'போர்ட்லண்டு சிமெண்டு' அப்போது ஜெர்மனியில் பெருந்தொழிலாக வளர்ந்திருந்தது. சிமெண்டு உற்பத்தியாளர்கள் 1877இல் சங்கம் அமைத்தனர். 1878இல் பிரஷ்ய அரசு போர்ட்லண்டு சிமெண்டுக்குத் தரவிதி வகுத்தது. இந்நிலையில் 1882இல் கோட்ஹார்ட் புரூசிங் என்பார் போர்ட்லண்டு சிமெண்டோடு அரைத்த கசட்டைச் சேர்த்தார். போர்ட்லண்டு சிமெண்டு நீரோடு கூடி இறுகும்போது தானாகவே சுண்ணாம்பை வெளிவிடும். அச்சுண்ணாம்பே கசட்டை எழுப்பப் போதுமானது. ஆகவே இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் இணை என்பது அவர் பக்கத்து வாதம்.

சங்கத்தார் கொதித்தெழுந்தனர். "சிமெண்டு என்று பணம் வாங்கிக்கொண்டு கசட்டு மாவைத் தருவது கலப்படமன்றி வேறென்ன?" என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். 1885இல் சங்க உறுப்பினர்கள் தம் சிமெண்டில் அயற்பொருள் சேர்ப்பதில்லை என உறுதி பூண்டனர். சிமெண்டில் மறைந்திருக்கும் கசட்டைக் கண்டுபிடிக்க வேதியியல் சோதனைகளும் வகுக்கப்பட்டன.

இவ்வெதிர்ப்பு முற்றிலும் தன்னலத்தால் எழுந்தது என்று தள்ளிவிடலாகாது. மலிவான மாவுகளைச் சிமெண்டில் கலந்து விற்றோர் அக்காலத்தில் இருந்தனர். வினையற்ற கல்மாவு கலந்த சிமெண்டால் பாலம் கட்டினால் அழிவது பாலம் மட்டுமன்று. அதன்மேல் செல்லும் உயிர்களும் அல்லவா? மறுபுறம், ஆராய்ந்து தெளிந்த நல்ல கசட்டையும் கள்ளச் சரக்கோடு ஒரே தட்டில் வைத்தது நீதியன்று. உண்மை இரு பக்கமும் பகிர்ந்து கிடந்தது.

இவ்வழக்கைப் பேச்சு தீர்க்கவில்லை, சோதனைச்சாலையே தீர்த்தது. கசடு சேர்த்த சிமெண்டு ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்பட்டது. தொடக்க நாள்களில் அது மெதுவாகவே வலுவடைகிறது; ஆயினும் நாள் செல்லச் செல்ல வலுப்பெற்று, கடல் நீரின் அரிப்பையும் நன்கு தாங்குகிறது. 1909இல் 'இரும்புப் போர்ட்லண்டு சிமெண்டு' எனும் தனிப்பெயரோடு, நூற்றுக்கு 30 பங்கு வரை கசடு சேர்க்கத் தரவிதி வந்தது. 1917இல் 'ஊதுலைச் சிமெண்டு' எனும் பெயரில் 85 பங்கு வரை சேர்ப்பதும் ஏற்கப்பட்டது.

இங்கே நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கசடு போர்ட்லண்டு சிமெண்டின் பெயரைத் திருடிக்கொண்டு உள்ளே வரவில்லை. தன் பெயரைச் சொல்லி, தன் அளவைக் காட்டி, சோதனைக்கு உட்பட்டு வந்தது. கலப்படம் கலவையானது இவ்வாறே.

பிற நாடுகளில்

இந்தியாவில் கசட்டுச் சிமெண்டுக்கான தரவிதி 1953இல் வெளியாயிற்று. கடலைத் தடுக்க நெதர்லாந்து எழுப்பி 1986இல் திறந்த கிழக்கு ஷெல்ட் தடுப்பணையிலும் ஊதுலைச் சிமெண்டே பயன்பட்டது.

கசட்டின் வழியில் நிலக்கரிச் சாம்பலும் வந்தது. அனல் மின்நிலையப் புகைபோக்கிகளில் பிடிபடும் நுண்சாம்பலைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் முதலியோர் ஆராய்ந்து 1937இல் முடிவுகளை வெளியிட்டனர். 1953இல் முடிந்த அமெரிக்காவின் ஹங்கிரி ஹார்ஸ் அணையில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட சாம்பல் இடப்பட்டது. 1999இல் இந்திய நடுவண் அரசு, அனல் மின்நிலையங்களிலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவுக்குள் செங்கல் செய்வோர் நூற்றுக்கு 25 பங்கேனும் சாம்பல் சேர்க்கவேண்டும் என ஆணையிட்டது.

சோதியாது சேர்த்ததன் விளைவு

தரவிதியைக் காலத் தாழ்வு என்று சலித்துக்கொள்வோர் அமெரிக்காவின் கிராண்ட் ஜங்ஷன் நகர வரலாற்றை அறிதல் வேண்டும். கொலராடோ மாநிலத்து அந்நகரில் யுரேனியம் பிரித்தெடுக்கும் ஆலை கழித்த மணல் குவிந்து கிடந்தது. பார்வைக்கு நல்ல மணல், விலையும் இல்லை. 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் வீடுகளின் அடித்தளத்திலும் காரையிலும் அது இடப்பட்டது. அதில் எஞ்சியிருந்த ரேடியம், ரேடான் எனும் கதிரியக்க வளியை வீடுகளுக்குள் விட்டுக்கொண்டிருந்தது. 1966இல் வழங்கல் நின்றது. 1972இல் அந்நகரின் சீரமைப்புக்கென அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன்பின் ஆயிரக்கணக்கான கட்டடங்களின் அடியிலிருந்து மணலைத் தோண்டி அகற்ற வேண்டியதாயிற்று. மணல் கொண்ட குற்றம் அன்று. கேள்வி கேளாது அதனை ஏற்றதே குற்றம்.

இன்றைய நிலை

போர்ட்லண்டு சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட வேண்டும். அப்போது கல்லிலிருந்தும் எரிபொருளிலிருந்தும் கரியமில வாயு வெளிப்படுகிறது. கசடோ உலைவெப்பத்தை முன்பே கண்டது. மீண்டும் சுட வேண்டியதில்லை. ஆதலால் அதன் மதிப்பு முன்னிலும் உயர்ந்துள்ளது. ஆனால் கசடும் சாம்பலும் மதிப்புப் பெற்ற இக்காலத்தில் அவை பிறக்கும் உலைகளே சில நாடுகளில் அணைந்து வருகின்றன. 2024 செப்டம்பரில் பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. அதே மாதம் வேல்ஸின் போர்ட் டால்பட் ஊதுலைகளும் முற்றாக நின்றன. எனவே வேறு கழிவுகளை நாடும் ஆராய்ச்சி பெருகியுள்ளது. நெல் உமிச் சாம்பல் முதலாக நகரக் குப்பையை எரித்த சாம்பல் ஈறாக ஒவ்வொன்றும் சோதனை மேடைக்கு வருகிறது.

இவற்றையெல்லாம் காணும் மாணவர்க்கு ஆசிரியர் சொல்லத்தக்கது ஒன்றே. கழிவு என்பதற்காக ஒரு பொருளை இகழவும் வேண்டா. மலிவு என்பதற்காக அதனைத் தழுவவும் வேண்டா. அதன் பெயர் என்ன, அளவு என்ன, ஆண்டுகள் கடந்தபின் அதன் நிலை என்ன என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை பெற்ற பின்னரே அதனைச் சுவரில் ஏற்றுதல் தகும்.