வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்

இந்த ஞாயிறும் கொஞ்சம் வரலாறு. பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா மகள் போனில் ஒரு விஷயம் சொன்னாள். அவளுடைய மாமியாருக்கு மறதி நோய். இவள் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கவனித்துக்கொள்கிறாள். அதற்காக அவர்கள் வீட்டுக்குக் கவுன்சில் வரியில் கால் பங்கு குறைத்திருக்கிறார்களாம். அது நம் வீட்டு வரி மாதிரி, 1993-ல் வந்தது. ஆனால் வீட்டில் எத்தனை பெரியவர்கள் என்றும் பார்ப்பார்கள். மறதி நோய் முற்றியவரையும், வாரம் 35 மணி நேரமாவது அவரைக் கவனிப்பவரையும், சில நிபந்தனைகளோடு, அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே அந்த வீட்டில் மாப்பிள்ளை ஒருவர்தான் இருப்பதாகக் கணக்கு!

"பார், வெள்ளைக்காரன் எப்படி யோசிக்கிறான்" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. புரட்டிப் பார்த்தால் அங்கேயும் அது தானாக வரவில்லை. வீட்டில் நோயாளியைக் கவனிப்பவருக்கு 1976-ல் பிரிட்டன் ஒரு உதவித்தொகை கொண்டுவந்தது. ஆண்களுக்கு உண்டு, மணமாகாத பெண்களுக்கு உண்டு, மணமான பெண்ணுக்குக் கிடையாது. அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது காரணம். தாயைக் கவனிக்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண்மணி வழக்குப் போட்டார். 1986 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதற்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது, பாருங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 1974-ல் ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கும் ஒரு திட்டம் வந்தது. (அப்போது அந்தச் சொல்தான். 'மாற்றுத்திறனாளி' 2010-ல் வந்தது.) "ஆதரவற்ற" என்ற சொல்லைக் கவனியுங்கள். பார்த்துக்கொள்ள ஒருத்தி இருந்தால், அவள் அரசின் கணக்கில் வரமாட்டாள். 1995-ல் நாடாளுமன்றம் முதல் சட்டம் இயற்றியது, ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. படிப்பு, வேலை, இட ஒதுக்கீடு என்று நல்ல விஷயங்கள் அதில் இருந்தன. ஆனால் அதெல்லாம் குறைபாடு உள்ளவரைப் பற்றியவை. அவரைக் குளிப்பாட்டுகிறவரைப் பற்றி அன்று பேச்சே எழவில்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1991-ல் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண். வாய்ப்பாட்டில் கெட்டிக்காரி. தம்பிக்கு மூளை முடக்குவாதம், கழுத்து நிற்காது. அம்மா நடவு, களை என்று போய்விடுவார். தீபாவளிக்குப் பிறகு பெண் வரவில்லை. ஒருமுறை வீட்டுக்குப் போனேன். தம்பியை மடியில் சாய்த்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "வரேன் டீச்சர்" என்றாள். நான் திரும்பிவந்து கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "நீண்ட நாள் வராததால் நீக்கம்" என்று சிவப்பு மையில் எழுதினேன். அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது, 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள். அவள் போகவில்லை.

இந்தியா 2007-ல் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. அதன் விளைவாக வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அதிலுள்ள ஒரு விளக்கம். பராமரிப்பாளர் என்றால் யார்? பெற்றோர், குடும்பத்தார் உட்பட, சம்பளம் வாங்கியோ வாங்காமலோ கவனிக்கும் எவரும். சம்பளம் வாங்காமல்! உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தருவது பற்றியும் 24-ஆம் பிரிவு பேசுகிறது. கேரளம் இதற்கு முன்பே, 2010-ல், 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தைத் தொடங்கிவிட்டது. நம் பக்கத்தில் பல வருடமாகப் போராடிவரும் சங்கம் ஒன்றின் பெயரிலேயே 'மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர்' என்று இருவரும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். உயர் ஆதரவு தேவைப்படுவோரின் உதவியாளருக்காக மேலும் 1,000.

வரிச் சலுகையும் இல்லாமல் இல்லை. வருமான வரிச் சட்டத்தில், குறைபாடுள்ள குடும்பத்தாரைப் பராமரிப்பவர் தன் வருமானத்தில் 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக் காட்டலாம். ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் பையன்கள் கவனிக்க: பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் இது. மகாராஷ்டிரத்தில் அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளையின் பெற்றோருக்குத் தொழில் வரியிலும் விலக்கு உண்டு. எல்லாம் சரி. ஆனால் வரி கட்டுகிறவருக்குத்தானே வரிச் சலுகை? வேலைக்கே போக முடியாதவள் எதில் கழிப்பாள்? இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 1,000 ரூபாய் சிறிய தொகைதான், ஆனாலும் அது அவள் உழைப்புக்காக வருகிறது.

போன மாதம் அந்தப் பெண்ணை ரயில்வே கேட் பக்கம் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. அம்மா இல்லை. தம்பிக்கு 2,000 வருகிறது. அந்த 1,000 பற்றித் தெரியாது. வீட்டுக்கு வரச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது, "என்ன வேலைன்னு ஆபீஸ்ல கேட்டா என்ன டீச்சர் சொல்றது? வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்றாள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி யாராவது இருந்தால் அனுப்புங்கள். தேசிய அடையாள அட்டை, மருத்துவச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் நகல்களும் போட்டோவும் கொண்டுவரட்டும். முன்பு காஞ்சிபுரம் போக வேண்டும். 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு, மனு செங்கல்பட்டு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குத்தான். செவ்வாய், வியாழன் மாலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்