ஒத்திகை பார்க்காத நாடகம் பிறந்த கதை

பங்குனி பிறந்துவிட்டால் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் ஒவ்வொன்றாகச் சாமி சாட்டுவார்கள். பொங்கல் எந்த நாள், முளைப்பாரி எந்த நாள், தலைக்கட்டு வரி எவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிப்பதற்குள், "நாடகம் என்னைக்கு?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கிற கரிசல் பூமி இது. தை, மாசியில் அறுப்பு முடிந்தால் காட்டில் வேலை இல்லை. சிவகாசி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், பத்திரகாளியம்மனுக்குச் சித்திரைப் பொங்கல், இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி வெள்ளி என்று பங்குனி முதல் ஆடிவரை திருவிழாதான். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் வருஷத்துக்கான சோற்றைச் சம்பாதிப்பதும் இந்த மாதங்களில்தான்.

இரவு பத்து மணிக்கு மேல் ‘வள்ளி திருமணம்’ தொடங்கும். பொழுது விடிகிறவரை காதலிக்கப் போகிற முருகனும் வள்ளியும் பல நேரம் அன்று இரவுதான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூனும் டான்ஸ் ஆடுபவரும் வேறு வேறு ஊர். மேடைக்குப் பின்னால் பவுடர் பூசிக்கொண்டே ஆர்மோனியக்காரரிடம், "எனக்கு என்ன கட்டை?" என்று பேசிக்கொள்வார்கள். அதற்குமேல் ஒத்திகை கிடையாது. முதலில் பபூன் வந்து ஊரைச் சிரிக்க வைப்பார். பிறகு நாரதர் வருவார். முருகன் வேலனாக, வேடனாக, விருத்தனாக வந்து தினைப்புனத்தில் வள்ளியோடு வாதாடுவார். இந்தத் தர்க்கம் களைகட்டினால் மணிக்கணக்கில் நீளும். முன்பின் பழகாதவர்கள் எட்டு மணி நேரம் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒரு நாடகத்தை நடத்திக் காட்டுகிறார்கள்.

இதற்கு வழிசெய்தவர் தூத்துக்குடி பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக வந்து, வரைந்த திரைகளும் ஆர்மோனியமும் கொண்ட புது மேடையைக் காட்டிவிட்டுப் போயிருந்தன. தமிழிலும் கம்பெனிகள் முளைத்தன. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் மேடையில் பேசுவது அவரவர் வாய்க்கு வந்தபடி இருந்தது. சுவாமிகள் முதலில் நடிகராகத்தான் வந்தார். எமனாகவோ சனீஸ்வரனாகவோ அவர் வந்து நின்றால் கூட்டம் நடுங்குமாம். அப்படிப் பயந்துபோன ஒரு பெண்ணுக்கு விபரீதம் நேர்ந்ததால் வேடம் கட்டுவதையே அவர் விட்டுவிட்டார் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். அதன்பிறகு அவர் வாத்தியார் ஆனார்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று வரிசையாக எழுதினார். பாட்டுக்கு மெட்டு, பாத்திரத்துக்கு வரவு, காட்சிக்கு ஒழுங்கு எல்லாவற்றையும் வகுத்துக் கொடுத்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். 1922இல் அவர் மறைந்தார். நாடக உலகம் அவரைத் தலைமையாசிரியர் என்று இன்றும் கும்பிடுகிறது.

எல்லோருக்கும் ஒரே பாடம் என்றானபின், எல்லோரும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. கம்பெனியை விட்டு வெளியே வந்த நடிகர்களை ஊர்க்காரர்கள் தனித்தனியாகப் பேசி வரவழைத்தார்கள். இன்ன ராஜபார்ட்டுக்கு இன்ன ஸ்திரீபார்ட் என்று ஜோடி சேர்த்துக் கேட்டார்கள். முதலாளியும் கொட்டகையும் டிக்கெட்டும் இல்லாமலே, ஊர் வரியில் ஒரு நாடகம் நடந்தது. பாட்டு சுவாமிகளுடையது, வாதம் நடிகர்களுடையது, மேடை ஊருடையது. ஸ்பெஷல் நாடகம் பிறந்தது இப்படித்தான்.

அந்தக் குழந்தைக்கு வீரம் ஊட்டியவர் சிவகாசிக்காரர். 1886இல் இந்த ஊரில் பிறந்த விசுவநாததாஸ், பெரிய ராஜபார்ட்டாக வளர்ந்து திருமங்கலத்தில் குடியிருந்தார். 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தபின் மேடைகளில் தேசியப் பாட்டு ஏறியது. 1876ஆம் வருஷத்து நாடகச் சட்டத்தைக் காட்டிப் போலீஸ் தடுத்தது. ஆனால் வள்ளி திருமணத்தை எப்படித் தடுப்பது? தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற காட்சியில், மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டை அவர் எடுப்பார். அந்த வெள்ளைக் கொக்கு யார் என்று கூட்டத்துக்குத் தெரியும், காவலுக்கு நிற்கும் போலீசுக்கும் தெரியும். வேடத்தைக்கூடக் கலைக்க விடாமல் கைது செய்வார்கள். சிறையிலிருந்து வந்து மறுபடி அதே பாட்டைப் பாடுவார்.

வெள்ளைக்காரன் மட்டும் அவருக்குத் தடையாக இல்லை. அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். சாதியைச் சொல்லி அவரோடு ஜோடி சேர நடிகைகள் மறுத்தார்கள். துணிந்து அவரோடு நடித்தவர்களில் ஒருவர் மதுரை கே.பி. ஜானகி அம்மாள். பின்னாளில் பொதுவுடைமை இயக்கத் தலைவராகி 1967இல் சட்டமன்றம் போனவர். ஊரார் முருகனாகக் கும்பிட்ட ஒருவரை மேடைக்குக் கீழே சாதி பார்த்து ஒதுக்கியதை நினைத்தால் மனசு கொதிக்கிறது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்தபடியே அவர் உயிர் பிரிந்தது.

விசுவநாததாஸுக்குச் சிலையும் நினைவு இல்லமும் வைத்துவிட்டால் நம் கடன் தீர்ந்துவிடாது. பொங்கல் வரியில் பெரும்பங்கு இன்னிசைக் கச்சேரிக்கும் ஆடல் பாடலுக்கும் போகிற ஊர்கள் பெருகிவிட்டன. நாடகம் வைக்கிற ஊரிலும் "பபூன், டான்ஸ் முடிந்தால் போதும், சீக்கிரம் முடிங்க" என்கிறார்கள். தர்க்கத்துக்கு நேரம் கொடுக்காவிட்டால், எதிரில் நிற்பவரின் சொல்லைப் பிடித்துப் பதில் சொல்லுகிற வித்தை அடுத்த தலைமுறைக்கு வராது. அது ஏட்டில் இல்லை, மேடையில் மட்டுமே கற்கிற பாடம். மேடையேறும் பெண்களைக் கலைஞர்களாக மதித்து, உடை மாற்ற மறைவான நல்ல இடமும் விடிந்ததும் கைநிறையச் சம்பளமும் கொடுப்பது ஊரின் கடமை.

பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுக்கும் இந்த மண்ணைத் தெரிந்து வைத்திருக்கிறது உலகம். விசுவநாததாஸைப் பெற்ற ஊர் என்பதும் அந்தப் பெருமைகளுக்குக் குறைந்ததல்ல. அடுத்த பங்குனியில் வரி நோட்டு எழுத உட்காரும் பெரியவர்களும் இளவட்டங்களும், நாடகத்துக்கென்று ஒரு முழு இரவை முதல் வரியிலேயே எழுதி வைக்க வேண்டும்.